ஜன்னலுக்கும் ஃபயர்வால் வேண்டும்: ஆபீஸ் கட்டடத்தில் வெளிச்சமும் வெயிலும்



இந்த வார எபிசோடில் ஸ்மார்ட் பில்டிங் சென்சார்கள் பற்றிப் பேசினோம். அதில் நேரம் போதாமல் விட்டுப்போன ஒரு பகுதியை இங்கே பாடமாகவே எழுதிவிடலாம் என்று நினைக்கிறேன். அந்தப் பகுதிக்கான கேள்வி ரொம்ப எளிமையானது: ஆபீஸ் முழுக்கக் கண்ணாடி. பிறகு ஏன் பட்டப்பகலில் பிளைண்டை இறக்கிவிட்டு, மேலே லைட்டைப் போட்டுக்கொண்டு, ஏசியையும் ஓடவிட்டு உட்கார்ந்திருக்கிறோம்?

நீங்களும் இதைப் பார்த்திருப்பீங்க. லண்டனோ டொராண்டோவோ சிட்னியோ, கண்ணாடிக் கட்டடம் என்றால் இந்தக் காட்சி நிச்சயம் உண்டு. கண்ணாடிக்கு ஒரு செலவு, அதை மறைக்கும் திரைக்கு ஒரு செலவு, மறைத்ததால் எரியும் விளக்குக்கு ஒரு செலவு, உள்ளே வந்துவிட்ட வெப்பத்தை வெளியேற்ற இன்னொரு செலவு. ஒரே பிழைக்கு நான்கு பில்! இதை டீபக் பண்ணிப் பார்ப்போம்.

1. ஒரே பாக்கெட்டில் இரண்டு சரக்கு

தரைக்கு வந்துசேரும் சூரிய ஆற்றலில் பாதிக்குச் சற்றுக் குறைவானதுதான் கண்ணுக்குத் தெரியும் ஒளி. ஏறக்குறைய பாதி, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர். மீதிச் சில சதவீதம் புற ஊதா. நமக்கு வேலை செய்ய வேண்டியது முதல் சரக்கு மட்டும்தான். அகச்சிவப்பு வந்து செய்வதெல்லாம் மேசையையும் கார்ப்பெட்டையும் உங்கள் தோள்பட்டையையும் சூடாக்குவது.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். தெரியும் ஒளியும் கடைசியில் வெப்பமாகத்தான் முடியும். சுவரில் பட்டு, தரையில் பட்டு, உறிஞ்சப்பட்டு, சூடாகிவிடும். அதனால் 'வெளிச்சம் மட்டும் வரட்டும், வெப்பம் பூஜ்யமாக இருக்கட்டும்' என்று கேட்க முடியாது. இயற்பியல் அதற்கு அனுமதி தராது. நாம் கேட்கக்கூடியது, தேவையான வெளிச்சத்துக்கு மிகக் குறைந்த வெப்பம்.

தேவை எவ்வளவு? ஆபீஸ் மேசைக்குப் பொதுவாக 300 முதல் 500 லக்ஸ் போதும். வெளியே நேரடி வெயிலில் கிடைப்பது சுமார் 1,00,000 லக்ஸ். மேகம் மூடிய நாளில்கூட 10,000 லக்ஸ் அளவில் இருக்கும். அதாவது, வெயில் நேரத்தில் நமக்கு வேண்டியதைப்போல 200 மடங்கு வாசலில் வந்து நிற்கிறது. இது பற்றாக்குறைப் பிரச்சினையே இல்லை. டிராஃபிக் அதிகமாகிவிட்ட பிரச்சினை. சர்வருக்கு முன்னால் ஃபயர்வால் வைக்கிற மாதிரி, ஜன்னலுக்கு முன்னாலும் விதி எழுத வேண்டியிருக்கிறது.

இன்னொரு கணக்கு. ஒரு வாட் சூரிய ஒளியில் சுமார் 100 முதல் 110 லூமென் வெளிச்சம் இருக்கிறது. நல்ல எல்.ஈ.டி. விளக்கும் ஏறக்குறைய அதே அளவில்தான் தரும், சில விளக்குகள் அதைவிடக் கூடவும் தரும். ஆக, பகல் வெளிச்சம் 'சூடான வெளிச்சம்' இல்லை. அளவுக்கு மீறி உள்ளே விடுவதுதான் சூடு.

2. கண்ணாடியின் இரண்டு எண்கள்

ஒரு கண்ணாடியை எடைபோட இரண்டு எண்கள் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

முதலாவது, ஒளி கடத்தும் அளவு. வெளியே இருக்கும் வெளிச்சத்தில் எத்தனை பங்கு உள்ளே வருகிறது என்பது. இரண்டாவது, வெப்ப ஏற்பு எண். கண்ணாடியில் விழும் சூரிய ஆற்றலில் எத்தனை பங்கு கடைசியில் வெப்பமாக அறைக்குள் வந்து சேர்கிறது என்பது. ஐரோப்பாவில் இதை ஜி-வேல்யூ என்பார்கள். இரண்டுமே பூஜ்யத்துக்கும் ஒன்றுக்கும் இடைப்பட்ட எண்கள். முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் ஒரு விகிதம் கிடைக்கும். அது எவ்வளவு பெரிதோ, கண்ணாடி அவ்வளவு புத்திசாலி.

மூன்று உதாரணம் பார்ப்போம். எண்கள் தயாரிப்பைப் பொறுத்துக் கொஞ்சம் மாறும், ஆனால் அளவு புரியும்.

சாதாரண இரட்டைக் கண்ணாடி: ஒளி 0.79, வெப்பம் 0.70. விகிதம் 1.1. வெளிச்சமும் வரும், வெயிலும் வரும்.

பழைய பழுப்புநிறக் கண்ணாடி, ஒற்றை அடுக்கு: ஒளி 0.54, வெப்பம் 0.62. விகிதம் 0.9. இதுதான் மோசமான பேரம். பார்க்க இருட்டாக இருப்பதால் வெயிலைத் தடுக்கிறது என்று நம்புகிறோம். ஆனால் அது வெளிச்சத்தை விழுங்கிவிட்டு, தானே சூடாகி, அந்தச் சூட்டில் ஒரு பகுதியை உள்ளே அனுப்புகிறது.

மூன்று வெள்ளிப் பூச்சுள்ள லோ-ஈ கண்ணாடி: ஒளி 0.62, வெப்பம் 0.27. விகிதம் 2.3. கண்ணுக்கே தெரியாத அளவு மெல்லிய வெள்ளிப் படலங்கள் அகச்சிவப்பை வெளியே திருப்பி அனுப்பி, தெரியும் ஒளியைப் பெரும்பாலும் உள்ளே விடுகின்றன. பாக்கெட்டைத் திறந்து பார்த்து வடிகட்டும் ஃபயர்வால் என்றால் இதுதான்.

இதனால் எவ்வளவு வித்தியாசம்? 3 மீட்டர் அகலம், 2 மீட்டர் உயரமுள்ள ஜன்னல் என்றால் 6 சதுர மீட்டர். மாலை வெயில் சதுர மீட்டருக்கு 600 வாட் வீதம் நேராக அடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 3,600 வாட். சாதாரண இரட்டைக் கண்ணாடி அதில் 2,520 வாட்டை உள்ளே விடும். லோ-ஈ கண்ணாடி சுமார் 970 வாட். வீட்டில் குளிர்காலத்துக்கு வாங்கி வைத்திருக்கும் ரூம் ஹீட்டர் ஒன்று 1,500 வாட் இருக்கும். அதாவது, நல்ல கண்ணாடி போட்டாலும் ஜன்னலோர சீட்டுக்காரருக்குப் பக்கத்தில் சின்ன ஹீட்டர் ஒன்று ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. கண்ணாடி மட்டும் போதாது என்பதற்கு இதுவே சாட்சி.

3. சூரியன் எங்கே நிற்கிறது?

அடுத்த விதி நிழல். அதற்குச் சூரியனின் இடம் தெரிய வேண்டும். நல்ல செய்தி: இது நூறாண்டு கழித்தும் மாறாத டேட்டா. சூத்திரமும் சின்னது. நண்பகலில் சூரியனின் உயரக் கோணம் = 90 − ஊரின் அட்சரேகை + அன்றைய சூரியச் சாய்வு. ஜூன் 21 அளவில் சாய்வு +23.4, டிசம்பர் 21 அளவில் −23.4. இது வடகோளத்துக்கு. தென்கோளத்துக்குச் சாய்வின் குறியை மாற்றிப் போடுங்கள்.

லண்டன், அட்சரேகை 51.5: கோடையில் 62 டிகிரி, குளிர்காலத்தில் 15 டிகிரி.
டொராண்டோ, 43.7: கோடையில் 70, குளிர்காலத்தில் 23.
சிட்னி, தெற்கே 33.9: அங்கே கோடை டிசம்பரில். அப்போது 80, ஜூனில் 33. சூரியன் வடக்குப் பக்கம் நிற்கும். அதனால் மற்ற ஊர்க்காரர் 'தெற்கு' என்று சொல்வதை சிட்னிக்காரர் 'வடக்கு' என்று வாசிக்க வேண்டும்.
சிங்கப்பூர், 1.3: ஜூனில் வடக்கிலிருந்து 68, டிசம்பரில் தெற்கிலிருந்து 65. இரண்டு பக்கமும் மாறி மாறி வெயில்.

இப்போது டொராண்டோவில் தெற்கு பார்த்த, 2 மீட்டர் உயர ஜன்னலுக்கு மேலே ஒரு சன்ஷேட் வைப்போம். கோடை நண்பகலில் ஜன்னல் முழுக்க நிழல் வேண்டும். 70 டிகிரியின் டேன்ஜென்ட் 2.75. 2 மீட்டரை அதால் வகுத்தால் 0.73. சுமார் 73 சென்டிமீட்டர் நீட்டினால் போதும். அதே சன்ஷேட் டிசம்பரில் எவ்வளவு மறைக்கும்? 23 டிகிரியின் டேன்ஜென்ட் 0.42. மேலே 31 சென்டிமீட்டர் மட்டும் நிழல், மீதி ஜன்னல் முழுக்க இளவெயில். கோடையில் தடுக்கிறது, குளிரில் உள்ளே விடுகிறது. மோட்டார் இல்லை, சென்சார் இல்லை, அப்டேட் கேட்டுத் தொந்தரவும் இல்லை. ஊரில் தாத்தா வீட்டுத் தாழ்வாரம் செய்த வேலையும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான்.

ஆனால் இந்தத் தந்திரம் மேற்கில் பலிக்காது. மாலைச் சூரியன் 20 டிகிரி உயரத்தில் நேர் எதிரே நிற்கும்போது, அதே ஜன்னலை முழுக்க மறைக்க 5.5 மீட்டர் நீளமுள்ள சன்ஷேட் வேண்டும். அது சன்ஷேட் இல்லை, கார் பார்க்கிங்! கிழக்குக்கும் மேற்குக்கும் செங்குத்தான பட்டைகள், வெளிப்புற பிளைண்டுகள், இல்லையென்றால் ஜன்னலையே சின்னதாக்குவது என்று வேறு வழிதான் பார்க்க வேண்டும். அதனால்தான் நல்ல ஆர்க்கிடெக்ட் முதலில் கேட்பது 'என்ன கண்ணாடி?' என்று இல்லை. 'கட்டடத்தின் நீளமான பக்கம் எந்தத் திசையைப் பார்க்கிறது?' என்றுதான்.

நியூயார்க்கில் ஐ.நா. செயலகக் கட்டடம் இதற்குப் பிரபலமான உதாரணம். 1950களின் தொடக்கத்தில் வந்த அந்தக் கோபுரத்தின் பெரிய கண்ணாடி முகங்கள் இரண்டும் கிழக்கையும் மேற்கையும் பார்த்தபடி இருக்கின்றன. வடிவமைப்புக் குழுவில் இருந்த லெ கொர்புசியே, வெளியே வெயில் தடுப்பு வேண்டும் என்று வாதாடியவர். அது நடக்கவில்லை. உள்ளே குளிரூட்டியை நம்பிக் கட்டினார்கள். உலகம் முழுக்க ஆபீஸ்கள் பின்னால் போனதும் அதே பாதைதான்.

4. திரை உள்ளேயா, வெளியேயா?

ஃபயர்வாலை சர்வருக்கு உள்ளே வைப்பீர்களா, முன்னால் வைப்பீர்களா? பிளைண்டுக்கும் அதே கேள்வி. உள்பக்கத் திரையில் வெயில் படும்போது, ஆற்றல் ஏற்கனவே கண்ணாடியைத் தாண்டிவிட்டது. திரை அதை உறிஞ்சிச் சூடாகிறது. அந்தச் சூடு நீண்ட அலையாக வெளிவருகிறது. நீண்ட அலையைக் கண்ணாடி நேராக வெளியே விடாது. ஆக வெப்பம் அறைக்குள்ளேயே மாட்டிக்கொள்கிறது. வெளிர் நிறத் திரை கொஞ்சத்தைத் திருப்பி அனுப்பும், அவ்வளவுதான். உள்திரை கண் கூச்சத்துக்கு மருந்து, வெப்பத்துக்கு அரை மருந்து.

வெளிப்புறத் திரை கண்ணாடியைத் தொடும் முன்பே வெயிலை நிறுத்துகிறது. சூடாவது வெளியே, காற்று அதை அள்ளிக்கொண்டு போகும். ஜெர்மனி, சுவிட்சர்லாந்து பக்கம் போனால் கட்டடத்துக்கு வெளியே உலோகப் பட்டை பிளைண்டுகள் தொங்குவதைச் சாதாரணமாகப் பார்க்கலாம். பலத்த காற்று வந்தால் தானே மேலேறிக்கொள்ளும். விலையும் பராமரிப்பும் அதிகம், உண்மைதான். ஆனால் வாழ்நாள் முழுக்க ஏசிக்குக் கொடுப்பதோடு வைத்துப் பார்க்க வேண்டிய விலை அது.

5. வெப்பம் எங்கேயும் காணாமல் போவதில்லை

'திருப்பி அனுப்பினால் போதும்' என்று நினைப்பவர்களுக்கு 2013இல் லண்டன் ஒரு பாடம் எடுத்தது. 20 ஃபென்சர்ச் ஸ்ட்ரீட், 'வாக்கி டாக்கி' என்று நாம் கூப்பிடும் கட்டடம். ஆர்க்கிடெக்ட் ரஃபேல் வின்யோலி. அதன் தெற்கு முகம் உள்நோக்கி வளைந்திருக்கிறது. கண்ணாடி, வளைவு, தெற்குச் சூரியன் மூன்றும் சேர்ந்தால் என்ன ஆகும்? குழியாடி! அந்த ஆண்டு ஆகஸ்ட் இறுதியிலும் செப்டம்பர் தொடக்கத்திலும், நாளுக்கு இரண்டு மணிநேரம்போல, கீழே ஈஸ்ட்சீப் தெருவில் வெயில் குவிந்தது. நிறுத்தி வைத்திருந்த ஒரு ஜாகுவார் காரின் பாகங்கள் உருகி வளைந்தன. நடைபாதையில் முட்டை பொரித்துக் காட்டினார் ஒரு செய்தியாளர். முதலில் தற்காலிகத் திரை போட்டார்கள். அடுத்த ஆண்டு அந்த முகத்தில் நிரந்தரமாக வெயில் தடுப்புப் பட்டைகள் பொருத்தினார்கள். முதல் வடிவமைப்பில் அப்படிப்பட்ட பட்டைகள் இருந்தன, செலவைக் குறைக்க எடுத்துவிட்டார்கள் என்று அப்போது செய்திகள் வந்தன.

இதே ஆர்க்கிடெக்டின் லாஸ் வேகஸ் வடாரா ஹோட்டலிலும் 2010இல் இதுபோலவே நீச்சல்குளத்துப் பக்கம் வெயில் குவிந்ததாகப் புகார் வந்திருந்தது. ஃபயர்வாலில் தடுத்த டிராஃபிக் மறைந்துபோகும். திருப்பி அனுப்பிய வெயில் மறையாது. அது எதிர்வீட்டுக்காரரின் பிரச்சினையாகிறது.

6. சரியாகச் செய்தால் எப்படி இருக்கும்?

மன்ஹாட்டன் எட்டாவது அவென்யூவில் 2007இல் திறந்த நியூயார்க் டைம்ஸ் கட்டடத்தைப் பாருங்கள். ரென்சோ பியானோ வடிவமைத்த 52 மாடிக் கோபுரம். தரையிலிருந்து கூரை வரை தெளிந்த கண்ணாடி. கேட்டாலே பயமாக இருக்கிறது, இல்லையா? ஆனால் கண்ணாடிக்கு வெளியே ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட வெள்ளைப் பீங்கான் குழல்கள் கிடையாக வரிசை கட்டி நிற்கின்றன. உட்கார்ந்திருப்பவரின் பார்வை மட்டத்தில் இடைவெளி விட்டிருக்கிறார்கள், நகரம் தெரிவதற்காக.

உள்ளே இரண்டு சிஸ்டம் சேர்ந்து ஓடுகின்றன. ஒன்று, சூரியனின் இடத்தையும் வானம் தெளிவாக இருக்கிறதா என்பதையும் பார்த்துத் தானே ஏறி இறங்கும் ரோலர் திரை. இன்னொன்று, பகல் வெளிச்சம் எவ்வளவு வருகிறதோ அதற்கேற்பத் தானே மங்கும் விளக்கு.

நமக்குப் பிடித்த பகுதி இனிமேல்தான். இதை அப்படியே புரொடக்ஷனில் இறக்கவில்லை அவர்கள். குவீன்ஸில் சுமார் 4,500 சதுர அடிக்கு ஒரு மாதிரித் தளத்தையே கட்டி, லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தோடு சேர்ந்து, பருவம் மாற மாற மாதக்கணக்கில் அளந்து பார்த்தார்கள். கட்டடத்துக்கே ஒரு ஸ்டேஜிங் சர்வர்! குடியேறிச் சில ஆண்டுகள் கழித்து அதே ஆய்வகம் திரும்ப அளந்தது. விதிமுறையை மட்டும் பூர்த்தி செய்யும் சாதாரணக் கட்டடத்தோடு ஒப்பிட்டால் ஆண்டு மின்செலவு 24 சதவீதம் குறைவு, சூடேற்றும் ஆற்றல் 51 சதவீதம் குறைவு என்று 2013இல் வந்த அறிக்கை சொன்னது. திரையும் விளக்கும் மட்டுமில்லை, தரைக்கடியில் காற்று விடும் ஏற்பாடும் அந்தக் கணக்கில் சேர்த்தி.

7. மனிதனை மறந்த கண்ட்ரோல் லூப்

கான்ட்ராக்டராக ஆறு மாதத்துக்கு ஒரு ஆபீஸ் மாறுவதில் ஒரு வசதி, பலவிதத் தானியங்கி பிளைண்டுகளோடு வாழ்ந்திருக்கிறேன். ஒரு இடத்தில் மேகம் வந்தால் ஏறும், போனால் இறங்கும், மீண்டும் ஏறும். மீட்டிங் நடுவே மோட்டார் சத்தம். வெயிலுக்கு ஒரே ஒரு எல்லை எண்ணை வைத்து எழுதிய லாஜிக் அது. இறங்க ஒரு எண், ஏற அதைவிடக் குறைந்த இன்னொரு எண், நடுவே பத்து நிமிடக் காத்திருப்பு என்று வைத்திருந்தால் பிரச்சினை தீர்ந்திருக்கும். தெர்மோஸ்டாட்டில் காலங்காலமாக இருக்கும் உத்திதான்.

அங்கே கட்டடப் பராமரிப்பில் இருந்த ஈழத்து அண்ணா ஒருவர், சென்சார் மேல் யாரோ ஒட்டியிருந்த டேப்பைக் காட்டிச் சொன்னார்: "தம்பி, பிளைண்டில பிழையில்லை. அதுக்குச் சொல்லிக் குடுத்தவை இந்த மேசையில ஒரு நாளாவது இருந்து பாத்திருக்க வேணும்."

இதைவிடச் சுருக்கமாக யாரும் சொல்ல முடியாது. கண் கூசினால் மனிதன் திரையை இறக்குவான். வெயில் போனபின் ஏற்ற மறப்பான். அவனுக்குக் கைப்பிடி கொடுக்காத சிஸ்டத்தை டேப் போட்டு மூடுவான். ஆகவே நல்ல டிசைனில் மூன்று இருக்கும்: தானாக இறங்கும் திரை, கையால் மாற்றும் வசதி, சில மணிநேரம் கழித்து மெதுவாகப் பழைய நிலைக்குத் திரும்பும் விதி.

இது வெறும் வசதிப் பேச்சும் இல்லை. 2022 ஜூலை 19 அன்று இங்கிலாந்து முதல்முறையாக 40 டிகிரி செல்சியஸைத் தாண்டியது. குளிருக்காகக் கட்டிய நாடு இது. நியூயார்க் நகரம் 25,000 சதுர அடிக்கு மேற்பட்ட பெரும்பாலான கட்டடங்களுக்குக் கார்பன் உச்சவரம்பு வைத்து, 2024 முதல் நடைமுறைப்படுத்தியிருக்கிறது. இனி நாம் வேலை பார்க்கப்போகும் கட்டடங்களில் பெரும்பாலானவை ஏற்கனவே கட்டி நிற்பவை. அவற்றுக்கு எழுதப்போகும் கோடில் ஒரு பகுதி நம்மில் சிலர் கையில்தான் வரும்.

8. இந்த வார வீட்டுப்பாடம்

ஒன்று: உங்கள் ஜன்னல் எந்தத் திசை? போன் காம்பஸில் பாருங்கள். பிறகு மேலே உள்ள சூத்திரத்தில் உங்கள் ஊரின் அட்சரேகையைப் போட்டு, கோடைக்கும் குளிருக்கும் கோணம் எடுங்கள்.

இரண்டு: ஒரு லக்ஸ் ஆப் இறக்கி, ஜன்னலோரத்திலும், 2, 4, 6 மீட்டர் தள்ளியும் அளந்து எழுதுங்கள். போன் சென்சார் துல்லியமில்லை, ஒப்பிட மட்டும் போதும். ஜன்னலின் மேல்விளிம்பு தரையிலிருந்து எவ்வளவு உயரமோ, அதைப்போல ஒன்றரை முதல் இரண்டு மடங்கு தூரம் வரைதான் பயனுள்ள பகல் வெளிச்சம் போகும் என்பது பழைய கட்டைவிரல் விதி. உங்கள் அளவு அதோடு ஒத்துப்போகிறதா?

மூன்று: வெயில் இல்லாத நேரத்தில் எத்தனை பிளைண்டு இறங்கியே கிடக்கிறது, எத்தனை விளக்கு எரிகிறது என்று ஒரு மதியம் எண்ணிப் பாருங்கள்.

மூன்று விடையையும் ஒரு பக்கத்தில் எழுதி, உங்கள் ஆபீஸ் பராமரிப்புக் குழுவிடம் கொடுங்கள். 'ரொம்ப சூடா இருக்கு' என்று புகார் சொன்னால் ஃபேன் ஒன்று வரும். 'மேற்குப் பக்கம், மாலை 3 முதல் 6 வரை, உள்திரைதான் இருக்கிறது, 6 மீட்டருக்கு அப்பால் 150 லக்ஸ்' என்று எழுதிக் கொடுத்தால், அது பக் ரிப்போர்ட். அதைக் குளோஸ் பண்ண யாராவது ஒருவர் பதில் சொல்லியாக வேண்டும்.

விடைகளை எங்களுக்கும் அனுப்புங்க. எந்த ஊர், எந்தத் திசை என்று மறக்காமல் எழுதுங்க. அடுத்த எபிசோடில் எடுத்துப் பேசுவோம்.